பங்கும் பாடும்

வளர்ந்து வரும் பங்குக்காக ஜெபிப்பதும் ஊழியம் செய்வதும் பற்றிய பாடம்

வீட்டில் கூடி வாசிக்க: அப்போஸ்தலர் நடபடி, 6-ஆம் அதிகாரம், 1 முதல் 7 வரையுள்ள வசனங்கள்.

சேசுநாதரில் பிரியமுள்ள பங்கு மக்களே,

நம் கோயிலில் இடம் போதவில்லை என்று நீங்கள் சந்தோஷத்தோடு பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். எனக்கும் சந்தோஷந்தான். ஞாயிறு பூசைக்கு வாசற்படி வரையில் ஜனங்கள் நிற்கிறார்கள். ஞானோபதேசத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாய் போதவில்லை. திருநாளில் கொடி ஏறும்போது சுற்றிலும் பார்த்தால் நமக்கு முகம் தெரியாதவர்கள் பலர் இருக்கிறார்கள். இவையெல்லாம் சர்வேசுரன் அளித்த கொடை. அவருக்கே ஸ்தோத்திரம் உண்டாவதாக.

ஆனால் இந்த வாரப் பாடத்தை ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டு தொடங்கவேண்டியவனாயிருக்கிறேன். அந்தக் குற்றம் முதலாவது என்னுடையது.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து உடுப்புகளைக் களைந்துகொண்டிருந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தனியாக வந்து கதவோரம் நின்றாள்.

“சாமி, அம்மாவுக்கு நன்மை கொண்டாந்து குடுப்பீங்களா?”

“அம்மாவுக்கு என்ன?”

“காய்ச்சல்ல படுத்தாங்க சாமி. எழுந்திரிக்கவே முடியல. ஆறு வாரமா கோயிலுக்கு வரல.”

ஆறு வாரம்! அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு வருஷத்துக்கு முன் பிழைப்புத் தேடி வேறு ஊரிலிருந்து நம் கரைக்கு வந்தவர்கள். தகப்பன் பிறர் படகில் கூலிக்குப் போகிறான். தாய் இறால் உரிக்கப் போகிறவள். பங்குப் புத்தகத்தில் அவர்கள் பெயர்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதினதோடு சரி, புத்தகத்தை மூடிவிட்டேன்.

அன்று சாயந்தரம் நன்மை கொண்டுபோனேன். வாடகைக் குடிசையில் பாயில் கிடந்தாள். இத்தனை நாள் வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

“கோயில்ல என்கிட்ட யாரும் ஒரு வேலை சொன்னதில்ல சாமி. மணி அடிக்கிறவரு வரலேன்னா மணிச் சத்தம் கேக்காது, ஊருக்கே தெரிஞ்சிடும். நான் வரலேன்னா எது நின்னுபோவும்?”

பிரியமானவர்களே, நான் குருமடத்தில் பல வருஷம் படித்தவன். திருச்சபையைப்பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. சர்வேசுரன் கிருபையால் அந்த அம்மாள் இப்போது சுகமாயிருக்கிறாள். அவள் உத்தரவின்பேரில்தான், பெயரைச் சொல்லாமல், இதை எழுதுகிறேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுவதே இந்தப் பாடம்.

1. கூட்டம் பெருகும்போது விடுபடுகிறவர்கள்

இந்தக் குறை நம்மிடம் மாத்திரம் உண்டானதல்ல. ஜெருசலேமில் அப்போஸ்தலர்களே பங்குக் குருக்களாயிருந்த காலத்திலும் இது நேர்ந்தது.

நீங்கள் வாசிக்கும் அதிகாரத்தைக் கவனியுங்கள். சீஷர்களுடைய தொகை பெருகின நாட்களில்தான் முறைப்பாடு எழும்பியது. திருச்சபை நலிந்தபோது எழும்பவில்லை, வளர்ந்தபோது எழும்பியது. நாள்தோறும் நடந்த பகிர்வில் கிரேக்க பாஷை பேசுகிறவர்களுடைய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். யாரும் அவர்களைப் பகைத்ததாக வேதாகமம் சொல்லவில்லை. அவர்கள் வேறு பாஷைக்காரர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர். உள்ளூராரின் கண் அவர்கள்மேல் விழவில்லை. அவ்வளவுதான்.

அப்போஸ்தலர்கள் செய்தது என்ன? முறைப்பாடு செய்தவர்களை அதட்டவில்லை. எல்லாவற்றையும் தங்கள் தலையிலே போட்டுக்கொள்ளவும் இல்லை. ஜெபமும் தேவ வாக்கியத்தைப் போதிப்பதும் தங்கள் கடமை என்று சொல்லி, பந்தி ஊழியத்துக்கு நல்ல சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள்.

அந்த ஏழு பேருடைய பெயர்களையும் வாசித்துப் பாருங்கள். அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். கடைசிப் பெயர் அந்தியோக்கியா நகரத்தானாகிய நிக்கொலாஸ் என்பவருடையது. அவர் யூத குலத்தில் பிறந்தவருமல்ல, அந்த மார்க்கத்தில் பிற்பாடு சேர்ந்தவர். ஆகவே, எந்த ஜனங்கள் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்திலிருந்தே ஊழியக்காரர் தெரிந்துகொள்ளப்பட்டதாகத் தோன்றுகிறது. விடுபட்டவர்களுக்கு அப்பம் கூட்டிக் கொடுத்ததோடு காரியம் முடியவில்லை. அப்பத்தைப் பகிர்ந்து கொடுக்கும் வேலையே அவர்கள் கையில் ஒப்புவிக்கப்பட்டது.

அதன் பின்பு என்ன நடந்தது என்பதை ஏழாம் வசனம் சொல்லுகிறது. தேவ வாக்கியம் பரவிற்று, சீஷர்களுடைய தொகை முன்னிலும் மிகுதியாயிற்று.

2. ஏரி நமக்குக் கற்பித்திருக்கும் முறை

இப்படிப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது ஏரிக்கரைக்காரராகிய நமக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய இடங்களில் நம் முன்னோர் வைத்த பாட்டு முறையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகள் கேட்கட்டும் என்று சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. நீரோட்டம் நன்றாயிருக்கும் இடத்தில் இறால் மிகுதியாய் விழும். மேடான இடத்தில் வலை வெறுமையாய் வரும். பலசாலியே நல்ல இடத்தை எந்நாளும் பிடித்துக்கொண்டால் எளியவன் வீட்டில் உலை கொதிக்காது, ஊரில் சண்டையும் ஓயாது. ஆகையால் பெரியவர்கள் பாடு வைத்தார்கள். தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று கணக்கிட்டு, சீட்டுப் போட்டு, இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று முறை ஏற்படுத்தினார்கள். தன் பாடு வந்த நாளில் ஒருவன் வலையோடு போவான். பாடு இல்லாத நாளில் வலையைப் பழுதுபார்ப்பான், இளைப்பாறுவான்.

‘பாடு’ என்னும் வார்த்தை நம் வாயில் எத்தனை விதமாய் வழங்குகிறது பாருங்கள். ஏரியில் அது முறை. வீட்டில், பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன் என்கிறோம். அங்கே அது உழைப்பு. தபசுகாலத்தில் கோயிலுக்கு வந்தால், சேசுநாதருடைய திருப்பாடுகளைத் தியானிக்கிறோம். நம்முடைய முறை, நம்முடைய உழைப்பு, நம் ஆண்டவருடைய வேதனை ஆகிய மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லைச் சொல்லுகிறோம். ஜெருசலேமில் பந்தி ஊழியத்துக்கு முறை ஏற்றுக்கொண்ட அர்ச். முடியப்பர்தாம் திருச்சபையின் முதல் வேதசாட்சியாய் மரித்தார். அவருடைய முறையே அவருடைய திருப்பாடாக முடிந்தது.

அன்றியும், கோயில் வட்டாரத்தை நாம் ‘பங்கு’ என்று அழைக்கிறோம். பங்கு என்றால் பாகம், உரிமை. அந்த அம்மாளுடைய கேள்வியை இப்போது நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: ‘உங்கள் பங்கில் எனக்கும் ஒரு பாடு உண்டா?’

3. ஏரியில் பாடு இல்லாதவர்கள்

ஏரியில் எல்லோருக்கும் பாடு இல்லை. பிறப்பினாலும் குப்பத்து உரிமையினாலும் அது வருகிறது. பெரும்பாலும் தலைக்கட்டு ஆண்மகன் பேரிலேயே எண்ணப்படுகிறது. படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்களும் இந்தக் கரையில் உண்டு. அந்த வழக்கங்களைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல இதை நான் எழுதவில்லை. ஏரியின் மீனுக்கு அளவு உண்டு, பகிரப் பகிர அது குறையும்.

சேசுநாதருடைய ஊழியமோ பகிரப் பகிரப் பெருகும். அங்கே உரிமை தருவது பிறப்பு அல்ல, ஞானஸ்நானம். 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினருடைய அப்போஸ்தலப் பணியைப்பற்றித் தனியாக ஓர் ஏடு வெளியிட்டது. ஞானஸ்நானத்தினாலும் உறுதிபூசுதலினாலும் ஆண்டவர் தாமே ஒவ்வொரு விசுவாசியையும் அப்பணிக்கு நியமிக்கிறார் என்பது அதன் போதனை. பங்குச் சாமியார் இரக்கப்பட்டு ஒருவருக்கு வேலை கொடுக்கிறார் என்பதல்ல. ஆண்டவர் ஏற்கெனவே கொடுத்திருக்கிற பாட்டை நாம் தடுக்காதிருக்க வேண்டும்.

நம் கரைக்குப் புதியவர்கள் வருவது நின்றுபோகிற காரியமல்ல. 1969-இல் ஸ்ரீஹரிகோட்டா தீவு ராக்கெட் ஏவுதளத்துக்கென்று தெரிந்துகொள்ளப்பட்டபோது அங்கே வாழ்ந்த குடும்பங்கள் இடம் பெயர வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, சேசு பிறந்த திருநாளுக்கு மறுநாள், கடல் பொங்கி வந்த பிறகு எத்தனையோ பேர் கரையை விட்டுப் புது வீடுகளுக்குக் குடிபோனார்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் உண்டானபின் வேலைக்காக வருகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் நம் வேதத்தாரும் உண்டு. கோயிலுக்கு வந்து, வாசலோரத்தில் நின்று, பூசை கண்டு, ஒருவரோடும் பேசாமல் திரும்பிப்போகிறார்கள். நாம் அவர்களைத் தள்ளவில்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை.

4. அர்ச். சவேரியார் செய்தது

வளருகிற சபையை ஒரே குருவானவர் எப்படித் தாங்குவது? இதற்கு நம் தமிழ்க் கடற்கரையிலேயே நல்ல மாதிரி இருக்கிறது.

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1535 முதல் சில வருஷங்களுக்குள் ஆயிரக்கணக்காய் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிப்பார் இல்லை. பெயரளவில் கிறிஸ்தவர்களாயிருந்தும் ஜெபம் அறியாதிருந்தார்கள். 1542-இல் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், கற்பனைகள் முதலானவற்றைத் தமிழில் ஆக்குவித்து, தாமும் மனப்பாடம் செய்து, ஊரூராய்ச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதின கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்துபோனதையும், ஜெபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் அடைத்துப்போனதையும் குறித்திருக்கிறார்.

கை சோர்ந்தபோது அவர் என்ன செய்தார்? நோயாளிகளைச் சந்திக்க வரும்படி நாலா பக்கத்திலிருந்தும் அழைப்பு வந்தது. எல்லா இடத்துக்கும் போக அவரால் கூடவில்லை. ஆகையால் ஜெபம் கற்றுக்கொண்ட சிறு பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, எல்லோருமாய் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி நோயாளிக்காக வேண்டிக்கொள்ளச் செய்தார்கள். ஊர்தோறும் ஜெபங்களை எழுதிவைத்து, சொல்லிக்கொடுக்க உபதேசியார்களையும் ஏற்படுத்தினார். அவர்களுக்குப் படி கொடுக்கப் போர்த்துக்கல் ராணியின் பணத்திலிருந்து 4000 பணம் பெற்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் தேர்ந்த பண்டிதர்கள் வருமட்டும் காத்திருக்கவில்லை என்பதே. நேற்று ஜெபம் கற்றவர்களுக்கு இன்றே ஒரு பாடு கொடுத்தார். சிறு பிள்ளைகளுக்கும் கொடுத்தார். என் வாசலில் வந்து நின்றவளும் பத்து வயதுச் சிறுமிதானே? தாய்க்காகத் தானே சாமியாரைத் தேடிவந்த அவளைவிட நல்ல நோயாளி ஊழியர் நம் பங்கில் அன்று யார் இருந்தார்?

5. ஜெபம்: முகத்துவாரத்தைத் திறந்து வைத்தல்

ஊழியத்தைப்பற்றிப் பேசினால் ஜெபம் சிறியதென்று எண்ணிவிடாதிருங்கள். நம் ஏரி உயிரோடிருப்பது முகத்துவாரத்தினால் அல்லவா? இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு முகத்துவாரம் வழியாய் ஏரிக்குள் வந்து வளரும். மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் குஞ்சு வராது, வெள்ளம் ஏறாது, இறங்காது. ஏரி பார்வைக்கு விரிந்து கிடக்கும், வலையில் ஒன்றும் இராது.

தன் வீட்டுக்காக மாத்திரம் ஜெபிக்கிறவனுடைய ஜெபமும் மணல் மூடின முகத்துவாரம் போன்றதே. என் பிள்ளைக்குப் பரீட்சை, என் படகுக்கு மீன், என் மகளுக்குக் கலியாணம் என்று கேட்பது தப்பல்ல. தகப்பனிடத்தில் பிள்ளை கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அடுத்த வீட்டார் வேதனை நம் இருதயத்துக்குள் வரவும், நம் அன்பு அங்கே போகவும் வழி இல்லாமற்போகிறது. ஆகையால் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

பெயர் சொல்லி ஜெபியுங்கள். ‘பங்கு மக்கள் எல்லோருக்காகவும்’ என்று சொல்லுவது எளிது, மறப்பதும் எளிது. ஒரு நாளைக்கு ஒரு தெரு, அந்தத் தெருவில் இரண்டு வீடு என்று பெயர் குறித்துச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் நல்லதாயிற்று. பெயரைக் கேட்டறிய அந்த வீட்டுக்குப் போகவேண்டி வரும். அந்த நடையும் ஜெபத்தோடு சேர்ந்ததே.

இரவு ஜெபமாலையில் பத்து மணிகளுக்கு ஒரு கருத்தாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து தண்ணீரில் இருப்பவர்களுக்காக. இரண்டாவது நோயாளிகளுக்காக. மூன்றாவது புதிதாய் வந்த குடும்பங்களுக்காக. நான்காவது கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டவர்களுக்காக. ஐந்தாவது நம் பிள்ளைகளில் குருக்களும் கன்னியரும் எழும்பும்படியாக.

பின்னிரவில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு நீண்ட ஜெபம் கூடாத காரியம் என்று அறிவேன். முகத்துவாரம் தாண்டும்போது சிலுவை அடையாளம் போட்டு, கரையில் தூங்குகிற பங்கை ஒரு வார்த்தையால் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள். அதுவே போதும்.

கட்டிலோடு கிடக்கும் முதியவர்களே, உங்களுக்கு விசேஷமாய் ஒரு சொல். இனி நான் எதற்கு என்று சொல்லாதேயுங்கள். அர்ச். குழந்தை தெரேசம்மாள் பதினைந்து வயதில் கார்மேல் மடத்துக்குள் போனவள், இருபத்துநான்கு வயதில் அங்கேயே மரித்தாள். கடல் கடந்து ஒருவருக்கும் போதித்தவளல்ல. அப்படியிருந்தும் 1927-இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், கடல்களைக் கடந்த சவேரியாரோடுகூட இந்தக் கன்னிகையையும் வேதபோதக நாடுகளுக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். போனவரும் போகாதவளும் ஒரே வேலையைச் செய்தவர்கள் என்று திருச்சபை சாட்சி கொடுக்கிறது. இனி நன்மை கொண்டுவரும்போது ஐந்து பெயர் எழுதின சீட்டொன்றும் உங்களிடம் தருவேன். அதுதான் உங்கள் பாடு.

6. ஊழியம்: வீட்டுக்கு ஒரு பாடு

ஜெபிக்கிறவன் எழுந்து நடக்கவும் வேண்டும். உடுப்பும் உணவும் இல்லாதவனை வெறும் நல்வார்த்தை சொல்லி அனுப்புகிற விசுவாசத்தை அர்ச். யாகப்பர் தமது நிருபத்தில் கடிந்துகொள்ளுகிறார். ஆகையால் பங்கில் செய்யவேண்டிய வேலைகளை எழுதி, வீடுகளுக்கு முறை வைக்க நினைத்திருக்கிறேன். அவற்றில் சில:

துணைக் குடும்பம். புதிதாய் வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழைய குடும்பம் ஒன்று துணையாயிருக்கட்டும். கோயில் நேரம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எந்தத் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுப்பதே முதல் ஊழியம். ஆறு மாதம் கழித்து அந்தப் புதுக் குடும்பம் அடுத்து வருகிறவர்களுக்குத் துணையாகட்டும்.

வாசற் பாடு. ஞாயிறு பூசைக்கு அரைமணி முன்னே இரண்டு பேர் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லட்டும். இவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யார் வரவில்லை என்று பார்ப்பது. இரண்டு ஞாயிறு ஒருவரைக் காணாவிட்டால் திங்கட்கிழமை அந்த வீட்டுக்குப் போய் வருவது. கணக்குக் கேட்க அல்ல, நலம் கேட்க.

நோயாளிப் பாடு. பொன்னேரிக்கோ சென்னைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு துணை போவது, அந்நாளில் அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, முதியவர்களைக் கைப்பிடித்துப் பூசைக்கு அழைத்து வருவது. மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இதைச் செய்து வருகிறார்கள். ஆனால் அவர்கள் மாத்திரம் போதாது.

எழுத்துப் பாடு. படித்த வாலிபர்களும் பெண்பிள்ளைகளும், விதவை உதவிப் பணத்துக்கும் மீனவர் நல வாரிய அட்டைக்கும் மனு எழுதிக் கொடுக்கலாம். பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளுக்குச் சாயந்தரம் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். செல்போனை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பாதி போதும்.

துக்கப் பாடு. சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் சமையல், தண்ணீர், ஜெபம். இதில் உள்ளூரார், வெளியூரார் என்ற பேதம் வேண்டாம். உறவினர் தூரத்திலிருக்கும் வீட்டுக்கே முதலில் போகவேண்டும்.

கோயிற் பாடு. பெருக்குவது, விளக்குத் துலக்குவது, பாய் விரிப்பது, பூ வைப்பது. சிறிய வேலை என்று எண்ணாதேயுங்கள். இவற்றைச் செய்கிறவன்தான் கோயிலைத் தன் வீடு என்று எண்ணுவான்.

7. இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, எந்நாளும் எல்லா வேலையையும் செய்துவரும் ஐந்தாறு பேருக்குச் சொல்லுகிறேன். உங்கள் உழைப்பை ஆண்டவர் அறிவார், நானும் அறிவேன். ஆனால் பிறருக்கு விட்டுக்கொடுக்காத உழைப்பு, பிறருடைய பாட்டை எடுத்துக்கொள்ளுவதாய் முடியும். மோயீசன் காலை முதல் மாலை வரை தனியாய் வழக்குக் கேட்டபோது, அவருடைய மாமனார் எத்ரோ அது நல்லதல்ல என்று புத்தி சொன்னார். நீரும் சோர்வீர், ஜனங்களும் சோர்வார்கள் என்பதே அவர் சொன்னதன் கருத்து. புதியவன் செய்தால் முதலில் கொஞ்சம் கோணலாய்த்தான் இருக்கும். விரித்த பாய் கோணலாயிருந்தாலும் பூசைக்குக் குறையில்லை.

இரண்டாவது, ஊழியத்தை மரியாதையாக்காதேயுங்கள். திருநாளில் யார் சுரூபம் தூக்குவது, யார் கொடிக்கயிறு பிடிப்பது என்று வருஷந்தோறும் எழும்புகிற மனஸ்தாபங்களை நான் அறிவேன். நோயாளி வீட்டுக்கு யார் போவது என்று ஒருநாளாவது நமக்குள் போட்டி உண்டானதுண்டா? நம் ஆண்டவர் கடைசி இராப்போஜனத்தில் சீஷர்களுடைய பாதங்களைக் கழுவினபோது அந்த வேலைக்கு ஒருவரும் போட்டியிடவில்லை.

8. வினாவும் விடையும்

(பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க.)

வி. பங்கு என்பது என்ன?
வி-டை. ஓர் இடத்தில் வாழும் விசுவாசிகள், தங்கள் குருவானவரோடு கூடி, சர்வேசுரனை ஆராதித்து, ஒருவரையொருவர் தாங்கும் ஞானக் குடும்பம்.

வி. பங்கில் யாருக்கு ஊழியம் உண்டு?
வி-டை. ஞானஸ்நானம் பெற்ற எல்லோருக்கும் உண்டு. ஆண், பெண், சிறுவர், முதியவர், நோயாளி, புதிதாய் வந்தவர் ஒருவரும் இதற்கு விலக்கல்ல.

வி. எழுந்து நடக்கமாட்டாதவர் என்ன ஊழியம் செய்யக்கூடும்?
வி-டை. பிறர் பெயரைச் சொல்லி ஜெபித்து, தம் வேதனையைச் சேசுநாதருடைய திருப்பாடுகளோடு ஒப்புக்கொடுக்கக்கூடும்.

வி. ஜெருசலேமில் விதவைகள் விடுபட்டபோது அப்போஸ்தலர்கள் செய்தது என்ன?
வி-டை. தாங்கள் ஜெபத்திலும் போதனையிலும் நிலைத்திருந்து, பந்தி ஊழியத்துக்கு ஏழு பேரை ஏற்படுத்தினார்கள்.

வி. ஒருவர் கோயிலுக்கு வராததை நாம் எப்போது உடனே அறிவோம்?
வி-டை. அவர் கையில் ஒரு பாடு இருக்கும்போது அறிவோம்.

இவ்வார முயற்சி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், உங்களுக்குப் பெயர் தெரியாத ஒருவரிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள். அன்றிரவு ஜெபமாலையில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒரு மேஜையும் நோட்டுப் புத்தகமும் இருக்கும். வீட்டுக்கு ஒரு பாடு எழுதிக்கொடுங்கள். புதியவர்கள் முதலில் எழுதட்டும்.

அந்த அம்மாளைப்பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது சனிக்கிழமை சாயந்தரம் பீடத்து விளக்குகளைத் துலக்கி எண்ணெய் விடுவது அவளுடைய பாடு. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இறால் வேலை நீண்டுபோய் அவள் வர நேரமாகிவிட்டது. விளக்கு எரியாததைப் பார்த்து மூன்று பெண்கள் அவள் வீட்டைத் தேடிப் போனார்கள். வழியிலேயே அவளைக் கண்டார்கள். “என்னைத் தேடியா வந்தீங்க?” என்று கேட்டாளாம்.

ஜெபம்

சர்வேசுரா சுவாமி, எங்கள் ஏரியையும் கடலையும் உண்டாக்கினவரே, இந்தப் பங்கைப் பெருகச் செய்கிற உமக்குத் தோத்திரம். பெருகும்போது எங்கள் கண் மங்காதபடி காத்தருளும். வாசலோரத்தில் நிற்பவர்களை எங்களுக்குக் காண்பியும். எங்கள் கையில் ஒரு வேலையையும், எங்கள் வாயில் ஒருவர் பெயரையும் தந்தருளும். மகிமை மாதாவே, தண்ணீரில் இருப்பவர்களுக்கும் கரையில் இருப்பவர்களுக்கும் தாயாயிரும். ஆமென்.

சேசு மரி சூசை உங்கள் குடும்பங்களைக் காப்பார்களாக.

உங்கள் பங்குக் குருவானவர்